காற்றொதுக்குப் பக்கம்: வெள்ளவத்தையிலிருந்து பனிமலைக்கு வழி வகுத்த அனுபவம்

2019 டிசெம்பர் 28ஆம் திகதி, பிற்பகல் ஒன்றேகால் மணியளவில், ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோர்ம் மலைத்தொடரில் நானும் அக்காவும் அத்தானும் காற்றுக்கு ஒதுங்கி நின்றிருந்தோம். வரைபடத்தில் 1141 என்ற உயர எண்ணைக் கொண்டே அறியப்படும் ஒரு கற்குவியலுக்குச் சற்று அப்பால், காற்றின் இரைச்சல் திடீரென்று தணிந்திருந்த ஒரு பக்கம் அது. தெர்மோஸ் போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மலையேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இருவர் தூரத்திலேயே நின்று கையை அசைத்து எங்களைத் தங்கள் பக்கம் வரச் சொன்னார்கள். வந்த அடித்தடங்களிலேயே மெல்லத் திரும்பி வரும்படி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுள் ஒருவர் தன் கைத்தடியால் நாங்கள் நின்ற இடத்தைச் சுட்டிக்காட்டினார். எங்கள் தடங்களுக்கு நான்கு, ஐந்து மீற்றருக்கு அப்பால் வெண்மை முடிந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தது கோரி அன் ட்ரெக்தா என்ற ஆழமான பள்ளம். நாங்கள் நிலம் என்று எண்ணியதில் எவ்வளவு பாறை, எவ்வளவு வெறும் பனி என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

நான் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிப்பவள். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி வட்டவளைப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு போவதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். காற்றொதுக்குப் பக்கம் என்றால் வறட்சி, அமைதி, மறைவு என்பது என் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. உறைபனி மலையில் அந்தப் பாடம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே மழை வழிந்தோடிவிடுவதில்லை; விழுந்த பனியைக் காற்று மீண்டும் அள்ளிச் செல்கிறது. காற்று மோதும் பக்கத்திலிருந்து சுரண்டப்படும் பனி முகட்டைத் தாண்டியதும், வேகம் குறையும் இடத்தில், அதாவது காற்றொதுக்குப் பக்கத்தில் வந்து படிகிறது. அப்படிப் படிவது பஞ்சு போன்ற பனியன்று. உடைந்த துகள்கள் நெருக்கமாக இறுகிப் பலகைபோல ஒரு படையாகின்றன. அதன் அடியில் பலவீனமான படை ஒன்று இருந்தால், ஓர் ஆளின் எடையே அந்தப் பலகையைப் பிளந்து சரிவில் வழுக்கிவிடப் போதும். முகட்டின் விளிம்பிலோ, பனி வீட்டுத் தாழ்வாரம்போல வெளியே நீண்டு தொங்குகிறது. அது முறியும்போது நாம் எதிர்பார்க்கும் இடத்தைவிட நெடுந்தூரம் உள்ளே தள்ளி முறியக்கூடும். நாங்கள் மறைவு தேடிப் போன இடமே அந்த மலையில் அன்று மிகவும் ஆபத்தான இடமாக இருந்தது.

அன்று வேறு பிழைகளும் செய்திருந்தோம். கிளாஸ்கோவிலிருந்து காரில் வந்து சேரப் பிந்தியதால், பத்தரை மணிக்கே நடக்கத் தொடங்கினோம். டிசெம்பர் இறுதியில் அந்தப் பகுதியில் சூரியன் காலை ஒன்பது மணியளவில் எழுந்து, பிற்பகல் மூன்றரை மணியளவில் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகலில் வாழ்ந்து பழகிய எனக்கு, பகல் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருள் என்றே தோன்றியிருக்கவில்லை. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தலைவிளக்குத்தான் இருந்தது. இறங்கி வாகனத் தரிப்பிடத்தை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அக்கா காரில் ஏறும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

அதன் பின் பெருந்தொற்றும், அதைத் தொடர்ந்து எங்கள் நாட்டின் பொருளாதார நெருக்கடியும் மூன்று ஆண்டுகளை விழுங்கிவிட்டன. அந்த மூன்று ஆண்டுகளில் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் நோர்வேக்கும் உறவினரைப் பார்க்கப் போகும் இளையவர்கள், அங்கே ஒரு பனிமலையையும் ஏறிப் பார்த்துவிட்டு வருவது இப்போது வழமையாகிவிட்டது. அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது கோடைகாலத்தில் யாரோ நடந்து பதிந்த வழி. அந்த வழி பனியின் அடியில் புதைந்திருக்கும்.

முதலில் வரைபடம். கெயார்ன்கோர்ம் பகுதிக்கு 1:25,000 அளவுத்திட்ட இடவிளக்கப்படத்தை அக்கா தபாலில் அனுப்பி வைத்தார். அதில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 10 மீற்றர் உயர இடைவெளியிலும், ஒவ்வொரு 50 மீற்றருக்கும் ஒரு தடித்த கோடாகவும் வரையப்பட்டுள்ளன. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் தொடங்குகின்றன. சாதாரண தரத்தில் படித்த திரிகோண கணிதமே இங்கு போதும். அடுத்தடுத்த இரண்டு தடித்த கோடுகளுக்கு இடையிலான தூரம் அந்தப் படத்தில் ஏறக்குறைய 3.5 மில்லிமீற்றர் என்றால் சாய்வு 30 பாகை. 2 மில்லிமீற்றர் என்றால் 45 பாகை. ஒரு பிளாஸ்டிக் துண்டில் இந்த இரண்டு அளவுகளையும் கீறி வைத்துக்கொண்டு, வழிக்கு இருபுறமும் அதை நகர்த்தி, அந்த இடைவெளிக்குள் அடங்கும் சரிவுகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் நிழலிட்டேன். நாம் நடக்கும் சரிவை மட்டும் அளந்தால் போதாது. தட்டையான இடத்தில் நடந்தாலும், தலைக்கு மேலே சிவப்பு நிழல் இருந்தால், அங்கிருந்து சரியும் பனி வந்து தேங்கும் இடத்தில்தான் நாம் இருக்கிறோம். இரண்டு மாலைகள் செலவிட்டு இந்த வேலையை முடித்தபோது, நாங்கள் 2019இல் தேநீர் குடித்த இடத்தின் கீழ்ப்பக்கம் முழுவதும் சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

சிவப்பு நிழல் நிலையானது. அதன்மேல் படியும் ஆபத்து நாளுக்கு நாள் இடம் மாறும். ஸ்கொட்லாந்தில் பனிச்சரிவுத் தகவல் சேவை ஒன்று டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை ஆறு மலைப் பகுதிகளுக்குத் தினமும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்து, எந்தத் திசை நோக்கிய சரிவில், எந்த உயரத்துக்கு மேல் அது கூடுதலாக உள்ளது என்று ஒரு வட்டத்தில் வண்ணமிட்டுக் காட்டுவார்கள். 2023இல் அதே மலைக்கு மீண்டும் போன பயணத்துக்கு முந்திய இரண்டு வாரங்களும், வகுப்புகள் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை நாள்தோறும் குறித்து வந்தேன்: முகடுகளில் காற்றின் திசை, அதன் வேகம், உறைநிலை எந்த உயரத்தில் உள்ளது, புதிதாகப் பனி விழுந்ததா. அன்றைய முன்னறிவிப்பை அன்றைக்கு மட்டும் பார்ப்பவருக்கு வட்டத்தின் வண்ணம் மட்டுமே தெரியும். இரண்டு வாரக் குறிப்பு உள்ளவருக்கோ, தென்மேற்கிலிருந்து நான்கு நாள் வீசிய காற்று வடகிழக்குச் சரிவுகளை எப்படி நிரப்பியது என்பதும், இடையில் உறைநிலை உயர்ந்து பனி உருகி மீண்டும் இறுகியதா என்பதும் கண்முன்னே விரியும். இந்தக் கொப்பியை நான் வேறெந்தக் கருவியையும்விட மதிக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலையும் இதுதான்.

காற்றைப் பற்றி இன்னும் ஒன்று. கெயார்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20ஆம் திகதி மணிக்கு 278 கிலோமீற்றர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வேகம் இரு மடங்கானால் காற்று உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 பாகையாக இருக்கும்போது, மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று வீசினால், தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 15 பாகையைப் போன்றது. உயரம் கூடக் கூட, ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் சராசரியாக ஆறரைப் பாகை குறையும். ஆகவே அடிவாரத்து ஊரின் வானிலையைப் பார்த்து உடுப்பெடுப்பது பயனற்றது. வழியை வகுக்கும்போது, போகும்போது காற்றை முகத்தில் வாங்கி, திரும்பும்போது முதுகில் வாங்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. களைத்த பிறகு காற்றை எதிர்த்து நடப்பது, கண்ணில் குத்தும் பனித்துகள்களோடு, ஒரு கிலோமீற்றரை மூன்றாக்கிவிடும்.

நேரக் கணக்குக்கு 1892இல் வில்லியம் நேய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னுமொரு மணி நேரம். பென் மக்டூயி என்ற 1309 மீற்றர் உச்சிக்கு, ஏறக்குறைய 620 மீற்றர் உயரத்தில் உள்ள வாகனத் தரிப்பிடத்திலிருந்து போய்வர 17, 18 கிலோமீற்றர் ஆகும். விதிப்படி நாலே முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பனிக்காலத்துக்கு அதை ஒன்றரை மடங்காக்கி ஏழு மணி நேரம் என்று வைத்தேன். முழங்கால்வரை புதையும் பனியென்றால் இரு மடங்கும் போதாது. 2019இல் 1141 கற்குவியலுக்குப் போக விதிப்படி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்; எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது என்பதை அப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகிவிடும் வேளையில், கால் வைக்கும் இடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுகூடத் தெரியாது. அப்போது கைகொடுப்பவை, போக வேண்டிய திசையைப் பாகையில் சொல்லும் திசைகோளும், காலடிகளை எண்ணித் தூரத்தை அறியும் அடிக்கணக்கும் மட்டுமே. காலிமுகத்திடலில் ஓர் ஞாயிறு அதிகாலை, நாடாவால் 100 மீற்றர் அளந்து, இடது கால் ஊன்றும் எண்ணிக்கையைக் கணக்கிட்டேன். புற்றரையில் 66 வந்தது. பிறகு வெள்ளவத்தைக் கடற்கரையின் இளகிய மணலில் நடந்தேன், 79 வந்தது. உண்மையான பனியில், ஏற்றத்தில், அது 85ஐத் தாண்டியது என்றாலும், மணலில் பழகியது வீண்போகவில்லை. எண்ணிக்கொண்டே பேசாமல் நடக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

திசையறிகருவியைக் கொழும்பில் வாங்கிக்கொண்டு போக வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலம் எங்கள் நாட்டில் ஏறக்குறையக் கிடையாக உள்ளது. வடக்கே செல்லச் செல்ல அது நிலத்தை நோக்கிச் செங்குத்தாகச் சாய்கிறது. அதனால் ஊசிகளை ஒவ்வொரு வலயத்துக்கும் தனித்தனியாகச் சமன்படுத்தித் தயாரிக்கிறார்கள். எங்கள் வலயத்து ஊசி அங்கே ஒரு பக்கம் சாய்ந்து பெட்டியில் உரசிக்கொள்ளும். கைபேசி வரைபடமும் வேண்டும்தான். ஆனால் குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடுவதால், அது உடலோடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

இவ்வளவையும் ஓர் அட்டையில் சுருக்கினேன். வழியை ஏழு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திசைகோள், தூரம், அடிக்கணக்கு, செலவாகும் நேரம், முடிவில் இருக்க வேண்டிய உயரம், எந்தப் பக்கம் போகவே கூடாது, கெடுதி நேர்ந்தால் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று எழுதினேன். கடைசி இரண்டும்தான் அட்டையின் உயிர். 1971 நவம்பரில் அதே கெயார்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி ஐந்து மாணவர்களும் அவர்களுடன் சென்ற இளம் உதவிப் பயிற்றுநரும் உயிரிழந்தார்கள். மேட்டுநிலத்தில் இருந்த சிறிய ஒதுக்கிடக் குடில் ஒன்றை அடைவது அவர்களின் நோக்கமாக இருந்தது. முன்னே சென்ற குழு அதை அடைந்தது. பின்னே வந்த குழுவால் அடைய முடியவில்லை. அந்தக் குடில் 1975இல் அகற்றப்பட்டது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏறக்குறைய என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும். தப்பும் வழி என்று எழுதும்போது உயரத்திலேயே உள்ள எதையும் எழுதக் கூடாது, காற்றை விட்டுக் கீழே இறங்குவதும், கண் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கக் கூடியதுமான வழியையே எழுத வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

அட்டையின் ஒரு பிரதி அக்காவின் மகளிடம் இருந்தது. இன்னொன்றை அம்மா வெள்ளவத்தையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அங்கே மாலை ஆறு மணிக்குள், அதாவது கொழும்பில் இரவு பதினொன்றரைக்குள் செய்தி வராவிட்டால், மகள் 999ஐ அழைத்துப் பொலிஸாரையும், அவர்கள் மூலம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. மீட்புக்கு வருபவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். தங்கள் வேலையையும் குடும்பத்தையும் விட்டு இருளில் ஏறி வருகிறவர்கள். அவர்களுக்காகவும் அந்த அட்டை சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

2023 பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் புறப்பட்டேன். முதல் இரண்டு நாளும் நானும் அக்காவும் அத்தானும் ஒரு பயிற்றுநரிடம் பனிக்கோடரியால் வழுக்கலை நிறுத்தவும், கிராம்பன் என்ற உருக்கு முட்சட்டத்தைச் சப்பாத்தின் அடியில் பூட்டி நடக்கவும் பழகினோம். இதை எழுத்தில் கற்க முடியாது என்பதால் இங்கே விரிவாக எழுதவில்லை. மூன்றாம் நாளுக்கு மூன்று திட்டங்கள் கைவசம் இருந்தன: பென் மக்டூயி, அது சரிவராவிட்டால் 1245 மீற்றர் கெயார்ன்கோர்ம் உச்சி மட்டும், அதுவும் சரிவராவிட்டால் கீழே பைன் காட்டினூடே அன் லொக்கன் உவைன் என்ற பச்சைக் குளத்துக்கு நடை. மூன்றாவது திட்டம் இல்லாதவர்கள்தான் முதலாவதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். மலைக்குப் போக முடியாத நாளிலும் போவதற்கு ஓரிடம் இருந்தால், வேண்டாம் என்று சொல்வது இலகு.

அன்று முன்னறிவிப்பு முதல் திட்டத்துக்கு இடம் கொடுத்தது. லொக்கன் பூயி என்ற உறைந்த சிறு குளத்தடிக்கு 11.45க்குள் வந்து சேராவிட்டால் திரும்ப வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தேன். பனியின் மேலோடு இறுகியதுபோலத் தோன்றிவிட்டு அடிக்கடி உடைந்து காலை உள்வாங்கியது. அத்தானுக்கு எள்ளுருண்டையை எடுத்துக் கொடுக்கக் கையுறையைக் கழற்றிய அரை நிமிடத்தில் என் விரல்கள் மரத்தன. மாற்றுக் கையுறை ஒன்று கையோடு இருக்க வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னது அப்போது விளங்கியது. நாங்கள் குளத்தடியை அடைந்தபோது நேரம் 12.10. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. உச்சி கண்ணெதிரே, எட்டிப் பிடிக்கலாம்போல இருந்தது.

சிவனொளிபாத மலைக்கு நான் நான்கு முறை ஏறியிருக்கிறேன். நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் விளக்கொளியில் சனத்தோடு சனமாகப் படியேறி, விடியும்போது உச்சியில் நிற்கும் அந்த மலையில், இடையில் திரும்புவது நேர்த்தியை முறிப்பது போன்றது. எங்கள் உடம்பில் ஊறிய மலையேற்றம் அது. ஆகவே, அன்று அந்த வெயிலில் நின்று திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அக்காதான் அட்டையை வெளியே எடுத்தார்.

"இருபத்தைந்து நிமிசம்தானே பிந்தினது," என்றார் அத்தான்.

"வெள்ளவத்தையில மேசையில இருந்து யோசிச்சு எழுதினது, அத்தான். இப்ப எங்களுக்கு அந்த மூளை இல்லை. திரும்புவம்," என்றேன் நான்.

ஒருவர் திரும்பலாம் என்றால் மற்றவர்கள் வாதாடக் கூடாது என்பதும் அட்டையில் எழுதியிருந்தது. அத்தான் ஒரு படம் எடுத்துக்கொண்டு முன்னே நடக்கத் தொடங்கினார்.

அன்று மாலை வரை வானம் தெளிவாகவே இருந்தது. காற்று எழவில்லை, முகில் இறங்கவில்லை. போயிருந்தால் உச்சியைத் தொட்டுவிட்டு வெளிச்சத்துக்குள் திரும்பியிருப்போம் என்று அத்தான் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 11.45 என்ற நேரத்தை நான் அந்த ஒரு நாளுக்காக எழுதவில்லை. முகில் இறங்கும் நாளுக்கும் சேர்த்தே எழுதினேன். அந்த நாள் எது என்று குளத்தடியில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து நாலரை மணிக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்த அம்மா, பதினொன்றரைவரை விழித்திருக்கத் தேவையில்லாமல் அன்று நேரத்தோடு படுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் அட்டையைத் திருத்தினேன். மேலோடு உடையும் பனிக்கு ஒன்றரை மடங்கு போதாது என்பதால், நாலாவது துண்டுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். புறப்படும் நேரம் 7.45க்குப் பதிலாக 6.30, முதல் அரை மணி நேரம் தலைவிளக்கில் நடக்க வேண்டியிருக்கும், அதற்கு ஆளுக்கொரு விளக்கும் மாற்று மின்கலங்களும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. லொக்கன் பூயிக்கு எழுதிய 11.45ஐ மட்டும் மாற்றவில்லை. அட்டை இப்போது சாப்பாட்டு மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.